பியானோ இசையோடு வெளியே ஒரு இரவுச் சாப்பாடு: முன்பதிவிலிருந்து பில் வரை

நேரடியாகப் பியானோ வாசிக்கும் உணவகத்துக்கு முதல்முறை போகிறவர்கள், எந்த உணவகம் என்று தேடுவதிலேயே நேரத்தையெல்லாம் செலவழித்துவிடுகிறார்கள். ஆனால் மாலை சொதப்புவது பெரும்பாலும் வேறு மூன்று விஷயங்களில்: எந்த மேசை, எத்தனை மணி, எப்போது ஆர்டர். மூன்றையும் வீட்டிலிருந்தபடியே தீர்மானித்துவிடலாம்.

கீழே உள்ளவை இரண்டு பேரிலிருந்து எட்டுப் பேர் வரை போகும் மாலைக்குப் பொருந்தும். இதே வரிசையில் செய்யுங்கள். ஒரு படியில் கிடைக்கும் விடை அடுத்த படிக்குத் தேவைப்படும்.

1. பேசப் போகிறீர்களா, கேட்கப் போகிறீர்களா?

முன்பதிவுக்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். பியானோ உள்ள இடங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை.

சில இடங்களில் பியானோ பின்னணியில் ஒலிக்கும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், நீங்கள் தாராளமாகப் பேசலாம். வேறு சில இடங்களில் வாசிப்பவர்தான் நிகழ்ச்சியே. அங்கே நீங்கள் கிசுகிசுத்தாலும் பக்கத்து மேசை திரும்பிப் பார்க்கும். மூன்றாவது வகை, கூட்டமே சேர்ந்து பாடும் இடம். சிலவற்றில் இரண்டு பியானோக்களை எதிரெதிரே போட்டு, கூட்டம் எழுதிக் கொடுக்கும் பாட்டுகளை இரண்டு பேர் மாறி மாறி வாசித்துப் பாடுவார்கள். அங்கே பேச்சுக்கு இடமே இல்லை.

பல வருஷம் கழித்துச் சந்திக்கும் நண்பர்களைப் பாடும் இடத்துக்கு அழைத்துப் போனால், விடைபெறும்போது தொண்டை மட்டும் கட்டியிருக்கும், ஒரு சேதியும் பேசியிருக்க மாட்டீர்கள். எட்டுப் பேர் கொண்டாடும் பிறந்தநாளை அமைதியாகக் கேட்கும் இடத்தில் வைத்தால், மாலை முழுக்க ஒருவர் மற்றவரை 'உஷ்' என்று அடக்கிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இரண்டும் வேண்டும் என்றால் பின்னணி வகை இடத்தையே தேர்ந்தெடுங்கள். சாப்பிட்டு முடிக்கும் வரை தள்ளி உட்கார்ந்து பேசலாம், கடைசிப் பகுதிக்குப் பியானோவுக்குப் பக்கத்து இருக்கைகளுக்கு மாறிக்கொள்ளலாம். முன்கூட்டியே சொல்லி வைத்தால் பல இடங்களில் இதற்குச் சம்மதிப்பார்கள்.

2. போனில் என்னென்ன கேட்பது

இணையத்தில் முன்பதிவு செய்ய வசதி இருந்தாலும் போன் செய்வதே நல்லது. 'நேரடி இசை உண்டு' என்ற ஒரு வரியை நம்பிப் போனால், அன்றைக்கு இசையே இல்லாத நாளாக இருக்கலாம். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு, மாலைக் கூட்டம் வருவதற்கு முன் கூப்பிடுங்கள். அப்போதுதான் எடுப்பவருக்கு நின்று பதில் சொல்ல நேரம் இருக்கும்.

நீங்கள் போகும் அந்தக் குறிப்பிட்ட நாளில் ஒரு ஆள் வாசிக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். தானாகவே வாசிக்கும் பியானோக்களும் இருக்கின்றன. கட்டைகள் தாமாக ஏறி இறங்கும், இருக்கை காலியாக இருக்கும். அதுவும் கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 'இந்தப் பாட்டை வாசியுங்கள்' என்று அதனிடம் கேட்க முடியாது.

தனிப் பியானோவா, கூடப் பாடகரோ டிரம்ஸோ உண்டா என்பது அடுத்த கேள்வி. டிரம்ஸ் சேர்ந்துவிட்டால் சத்தத்தின் அளவே வேறு, மேசைக் கணக்கும் மாறிவிடும்.

பிறகு நேரம். எப்போது தொடங்கும், இடைவேளை எப்போது, எப்போது முடியும்? ஏறத்தாழ முக்கால் மணி நேரம் வாசித்து, கால் மணி நேரம் ஓய்வெடுப்பது பல இடங்களில் வழக்கம். இது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஊகிக்காமல் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். இசைக்கென்று தனிக் கட்டணம் உண்டா, அது தலைக்கா மேசைக்கா, குறைந்தபட்சம் இவ்வளவு சாப்பிட வேண்டும் என்ற விதி இருக்கிறதா? இதோடு இன்னொன்றையும் கேளுங்கள்: மேசையை எவ்வளவு நேரத்துக்குத் தருகிறார்கள்? இதைக் கேட்பவர்கள் குறைவு. இரண்டு மணி நேரத்தில் மேசையைக் காலி செய்யச் சொல்லும் இடத்தில், இசை தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தால் பாதி இசையோடு எழுந்து வர வேண்டியிருக்கும்.

போகிற அன்று காலையில் இன்னொரு முறை கூப்பிட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வாசிப்பவருக்கு உடம்பு சரியில்லை, யாரோ கூடத்தையே மொத்தமாக எடுத்துவிட்டார்கள் என்பதெல்லாம் கடைசி நேரத்தில்தான் தெரியவரும்.

3. மேசையைத் தேர்ந்தெடுத்தல்

புதிதாகப் போகிறவர்கள் 'பியானோவுக்குப் பக்கத்தில்' என்று கேட்பார்கள், இல்லையென்றால் ஒன்றுமே சொல்லாமல் கொடுத்த இடத்தில் உட்காருவார்கள். இரண்டுமே சரிவராது. பியானோவுக்குத் திசை உண்டு.

பெரிய, படுத்த வடிவப் பியானோவின் மேல்மூடிக்கு, வாசிப்பவரின் இடதுபுறம் கீல் இருக்கும். அதனால் மூடி வலதுபுறமாகத் திறக்கும். கம்பிகளிலிருந்து மேலெழும் ஒலி அந்த மூடியில் பட்டு வலதுபுறமே வருகிறது. கச்சேரி மேடைகளில் பார்வையாளர்கள் அந்தப் பக்கம் உட்காருவதும் இதனால்தான். இசையைக் கேட்க வந்தவர்களுக்கு வலதுபுறம் சரியான இடம். பேச வந்தவர்கள் அங்கே உட்கார்ந்தால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தடவை சொல்ல வேண்டிவரும்.

விரல்களைப் பார்க்க ஆசையா? வாசிப்பவரின் முதுகுக்குப் பின்னால், சற்று இடதுபுறம் தள்ளி உட்காருங்கள். ஒலி கொஞ்சம் மங்கலாக வரும், ஆனால் இரண்டு கைகளும் தெரியும். இடது கை அகலமாகத் தாவித் தாவித் தாளம் பிடிக்க, வலது கை நான்கைந்து கட்டைகளுக்குள்ளேயே மெட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பியானோ கற்கும் பிள்ளைகள் கூட வந்தால் இந்த இடம்தான். நல்ல ஒலியைவிட அது அவர்களுக்கு அதிகம் பயன்படும்.

நிமிர்ந்த வடிவப் பியானோ என்றால் கணக்கு வேறு. அதன் ஒலிப்பலகை (கம்பிகளின் அதிர்வைப் பெரிதாக்கும் மரப்பலகை) பின்பக்கம் இருக்கிறது. பெரும்பாலும் சுவரோரம் சாத்தி வைத்திருப்பார்கள், வாசிப்பவரின் முதுகுதான் உங்களுக்குத் தெரியும். சுவரில் பட்டு வரும் ஒலி கூடத்தில் பரவலாகவே இருக்கும், அதனால் இடம், வலம் பெரிய வித்தியாசம் செய்யாது. மின்னணுப் பியானோவில் ஒலி ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. பியானோ மூலையில் இருக்க, ஸ்பீக்கர் உங்கள் தலைக்கு மேலே தொங்கலாம். ஆகவே போனில் 'ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது' என்று கேளுங்கள்.

இனி தூரம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி சுமார் 6 டெசிபெல் (ஒலி அளவின் அலகு) குறையும். மூடிய கூடத்தில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அவ்வளவு குறையாது. ஓரளவுக்கு மேல் எட்டிப் போய் உட்கார்ந்து பலனில்லை. அதற்குப் பதில் திரைச்சீலை, கம்பளம், மெத்தை வைத்த இருக்கை உள்ள பக்கமாகக் கேளுங்கள். அவை ஒலியை உறிஞ்சும். கண்ணாடிச் சுவர் ஓரம் பார்வைக்கு அழகு, காதுக்குத் தொந்தரவு.

பேச்சைக் கெடுப்பது பல நேரங்களில் பியானோவே அல்ல, மற்ற மேசைகள்தான். சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர்கள் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார்கள். இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் பெயரால் 'லொம்பார் விளைவு' என்கிறார்கள். கூடம் நிரம்ப நிரம்ப ஒவ்வொரு மேசையும் குரலை உயர்த்தும், அதைக் கேட்டு அடுத்த மேசை இன்னும் உயர்த்தும். பெரிய கும்பல்களுக்குப் போடும் நீள மேசைகளிலிருந்து தள்ளி இடம் கேளுங்கள்.

சமையலறைக் கதவு, காபி இயந்திரம், பானம் அரைக்கும் மிக்சி, கழிவறைக்குப் போகும் வழி ஆகியவற்றின் பக்கமும் வேண்டாம். மெதுவான பாட்டு நடக்கும்போது மிக்சி ஓடினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

காதுக் கருவி வைத்திருக்கும் பெரியவர்கள் வந்தால், பியானோவுக்கு முதுகு காட்டி, பேசுபவர்களின் முகம் பார்த்து உட்கார வையுங்கள். பல கருவிகள் முன்னாலிருந்து வரும் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும், பின்னாலிருந்து வருவதைக் குறைக்கும். பியானோவைப் பார்க்கட்டுமே என்று ஆசையாக அதன் பக்கம் திருப்பி உட்கார வைப்பவர்களைப் பார்க்கிறேன். பாவம், அந்தப் பெரியவர் இரவு முழுக்கச் சும்மா தலையாட்டிக்கொண்டிருப்பார்.

ஆறு பேருக்கு மேல் என்றால் வட்ட மேசை கேளுங்கள். நீள மேசையில், இசை ஒலிக்கும்போது ஒரு கோடியில் இருப்பவருக்கு மறுகோடி கேட்காது. கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

இதையெல்லாம் போனில் நீட்டி முழக்க வேண்டாம். "பியானோவிலிருந்து இரண்டு மேசை தள்ளி, சுவரோரமாக, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இல்லாமல் ஒரு மேசை கிடைக்குமா?" என்ற ஒரே வாக்கியம் போதும். போனதும் உட்காருவதற்கு முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மாற வேண்டுமென்றால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். அப்புறம் சொன்னால் எல்லோருக்கும் சங்கடம்.

4. எத்தனை மணிக்குப் போவது

முதல் பகுதி தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு. இருக்கையில் அமர்வது, மெனு பார்ப்பது, 'உனக்கு என்ன, எனக்கு என்ன' என்ற விவாதம் எல்லாம் அந்த அரை மணிக்குள் முடிந்துவிடும். முதல் பாட்டு தொடங்கும்போது ஆர்டர் சமையலறைக்குப் போயிருக்க வேண்டும்.

வாசிப்புக்கு நடுவில் எட்டுப் பேராக உள்ளே வந்து நாற்காலிகளை இழுப்பதுபோல எரிச்சல் ஊட்டுவது வேறில்லை. தாமதமாகிவிட்டால் பாட்டு முடியும் வரை வாசலருகே நில்லுங்கள், இரண்டு மூன்று நிமிஷம்தான்.

கேட்பதற்காகவே போகிறவர்களுக்கு என் யோசனை: கடைசிப் பகுதிக்குப் போங்கள். கூட்டம் கலைந்திருக்கும், தட்டுச் சத்தம் அடங்கியிருக்கும். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை வாசித்து முடித்த கலைஞர், தனக்குப் பிடித்ததை வாசிக்கத் தொடங்கும் நேரம் பெரும்பாலும் அதுதான். ஒரே சிக்கல், சமையலறை முன்னதாகவே மூடிவிடலாம். கடைசி ஆர்டர் எத்தனை மணி என்று கேட்டு வையுங்கள்.

5. கூட வருகிறவர்களிடம் சொல்லி வைப்பது

ஒரே செய்தியில் நான்கு விஷயம் அனுப்பினால் போதும்: வர வேண்டிய நேரம், உடை விதி ஏதும் இருந்தால் அது, இசைக் கட்டணம், செலவை எப்படிப் பகிர்கிறீர்கள். கட்டணத்தை முன்பே சொல்லாவிட்டால் பில் வரும்போது முகங்கள் மாறும்.

சிறு குழந்தைகள் வந்தால் வாசலுக்குச் சுலபமாகப் போகக்கூடிய நாற்காலியை அவர்கள் பெற்றோருக்குக் கொடுங்கள்.

6. ஆர்டர் கொடுக்கும் வரிசை

தொடக்க உணவையும் முக்கிய உணவையும் ஒரே தடவையில் சொல்லிவிடுங்கள். 'ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகக் கொண்டுவாருங்கள்' என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். இப்படிச் சொல்வதால் வாசிப்பு நடக்கும்போது சர்வரைக் கூப்பிட்டு, மெனுவை மீண்டும் விரித்து, உரக்கப் பேச வேண்டிய தேவை இருக்காது.

முதல் பகுதியில் சாப்பாடு, இடைவேளையில் பேச்சு, இரண்டாம் பகுதியில் இனிப்பு என்று வைத்துக்கொண்டால் மாலை தானாக ஓடும். சூடான இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் வகைகளை, அமைதியாகக் கேட்கும் இடத்தில் தவிர்த்துவிடுங்கள். முழுக் கூடமும் உங்கள் தட்டைத் திரும்பிப் பார்க்கும்.

7. பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்பது

பாட்டுக் கேட்கலாமா என்று முதலில் சர்வரிடம் விசாரியுங்கள். சில இடங்களில் முன்பே தீர்மானித்த பட்டியலைத்தான் வாசிப்பார்கள்.

கேட்கலாம் என்றால், ஒரு துண்டுத் தாளில் பாட்டின் முதல் வரி, எந்தப் படம் அல்லது யார் பாடியது என்று தெளிவாக எழுதுங்கள். ஒரே பாட்டை எழுதாமல் இரண்டு மூன்றாக எழுதி, 'இவற்றில் ஏதாவது ஒன்று' என்று குறிப்பிடுங்கள். தெரியாத பாட்டு என்று சொல்ல வேண்டிய தர்மசங்கடம் அவருக்கு வராது, உங்களுக்கும் ஒன்றாவது கிடைக்கும்.

மெட்டு வலுவாக உள்ள பாட்டுகள் பியானோவில் அழகாக வரும். தாளக் கட்டிலும் மின்னணுச் சத்தத்திலும் உயிர் வைத்திருக்கும் பாட்டுகள் வெறுமையாக ஒலிக்கும். முணுமுணுத்துப் பாருங்கள். பக்கவாத்தியம் இல்லாமலே பாட்டு அடையாளம் தெரிகிறதா? அப்படியென்றால் கேட்கலாம்.

தாளை எப்போது கொடுப்பது? இடைவேளைதான் நல்ல நேரம். நடுவில் கொடுக்க வேண்டுமென்றால் அவர் வலது காலைக் கவனியுங்கள். வலது மிதியை (பெடலை) அழுத்தியிருக்கும் வரை கம்பிகள் அதிர்ந்துகொண்டே இருக்கும், கையை எடுத்துவிட்டாலும் கடைசி ஸ்வரம் மிதந்துகொண்டிருக்கும். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்துப் பலர் அப்போதே எழுந்து போய்விடுகிறார்கள். கால் மிதியிலிருந்து எழும்பியதும் ஒலி அடங்கும், கைகள் மடிக்கு வரும். அதன்பிறகு போங்கள்.

பின்னாலிருந்து போய்த் தோளைத் தட்டாதீர்கள், அவர் பார்க்கும் பக்கமாகப் போங்கள். கையில் கோப்பையோடு போக வேண்டாம். போனாலும் பியானோ மேல் வைக்கவே கூடாது. சிந்தினால் கம்பிகள் துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் கம்பளிப் பகுதிகள் ஊறும். அதைச் சரிசெய்வது பெரிய வேலை. கட்டைகளைத் தொட்டுப் பார்க்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள்.

பிறந்தநாள் என்றால் உள்ளே நுழையும்போதே சர்வரிடம் சொல்லிவிடுங்கள். கேக் எப்போது வரும் என்பதைச் சர்வரும் வாசிப்பவரும் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அடிக்கடி நடக்கும் கூத்து என்னவென்றால், மெழுகுவர்த்தி ஏற்றிய கேக் வெளியே வரும்போது வாசிப்பவர் இடைவேளையில் போயிருப்பார். 'முதல் பகுதியின் கடைசிப் பாட்டுக்கு அப்புறம்' என்று குறிப்பாகச் சொன்னால் இது நேராது.

நீங்களே பாட விரும்பினால் கேட்டுவிட்டுத்தான் பாட வேண்டும். எந்தச் சுருதி என்று தெரியாவிட்டால் முதல் வரியை மெதுவாக அவரிடம் பாடிக் காட்டுங்கள், சுருதியை அவர் பிடித்துக்கொள்வார். உச்சத்தில் வரும் வரியையும் பாடிக் காட்டுவது நல்லது. எல்லோரும் தடுமாறுவது அங்கேதான்.

8. கைதட்டலும் டிப்ஸும்

பின்னணி வகை இடங்களில் யாரும் கைதட்டாமல் இருக்கலாம். பிடித்திருந்தால் உங்கள் மேசை மட்டும் சின்னதாகத் தட்டலாம், தப்பில்லை. நீங்கள் கேட்ட பாட்டு என்றால் கட்டாயம் தட்டுங்கள். உங்களுக்காக வாசிக்கும்போது பேசிக்கொண்டிருப்பது அவமரியாதை.

பில்லில் சேர்க்கும் டிப்ஸ் வாசிப்பவருக்குப் போய்ச் சேரும் என்று எண்ணாதீர்கள், பல இடங்களில் அது பரிமாறுபவர்களுக்கு மட்டும்தான். தனியாகக் கொடுங்கள். பியானோ மேல் கிண்ணமோ கண்ணாடிக் குவளையோ இருந்தால் அதில் போடலாம், இல்லாவிட்டால் இடைவேளையில் கையில் கொடுக்கலாம். அதற்காகக் கொஞ்சம் ரொக்கம் எடுத்துப் போங்கள். பாட்டுக் கேட்டால் தாளோடு சேர்த்தே கொடுப்பது நல்ல பழக்கம்.

படம் எடுப்பதென்றால் ஃபிளாஷ் வேண்டாம், வீடியோவுக்கு அனுமதி கேளுங்கள்.

9. நடுவில் ஏதாவது சரியில்லை என்றால்

சத்தம் அதிகமாக இருந்தால் வாசிப்பவரிடம் நேராகப் போகாமல் சர்வரிடமோ மேனேஜரிடமோ சொல்லுங்கள். எந்த அளவில் வாசிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் நிர்வாகம் சொல்லும் விஷயம். பெரிய பியானோவின் மூடியைத் தாங்க நீளமான கம்பும் குட்டையான கம்பும் இருக்கும். குட்டைக் கம்புக்கு இறக்கினாலோ முழுக்க மூடினாலோ சத்தம் குறையும். "மூடியைக் கொஞ்சம் இறக்க முடியுமா?" என்று கேட்டால், செய்யக்கூடிய ஒரு வேலையை நீங்கள் சொல்கிறீர்கள். "சத்தம் தாங்கலை" என்றால் அது வெறும் புகார்.

வாசிப்பவர் வரவில்லை என்று அங்கே போன பிறகு தெரிந்தால், ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே முடிவெடுங்கள். இசைக் கட்டணம் அன்றைக்குக் கிடையாது என்பதையும் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

10. பில்லும் புறப்பாடும்

இனிப்பு மேசைக்கு வந்ததும் பில் கேளுங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் எல்லா மேசையும் ஒரே நேரத்தில் கை தூக்கும், அரை மணி நேரம் காத்திருக்க நேரும். முன்பே கட்டிவிட்டால் கடைசிப் பாட்டை நிம்மதியாகக் கேட்கலாம்.

இசைக் கட்டணம் போனில் சொன்ன கணக்கில்தான் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தலைக்கு என்றால் குழந்தைகளையும் எண்ணியிருக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். மறந்து எண்ணுவது உண்டு.

எழுந்திருப்பது இரண்டு பாட்டுகளுக்கு நடுவில். போகும் வழியில் பியானோ பக்கமாகப் போய், அவர் ஓய்வாக இருந்தால் வேறு எந்தெந்த நாளில் வாசிக்கிறார் என்று கேட்டு வையுங்கள். அடுத்த முறை 'இன்னார் வாசிக்கும் நாளில் ஒரு மேசை' என்று கேட்டாலே இரண்டாம் படியில் பாதிக் கேள்விகள் குறைந்துவிடும்.